வாலில் இருந்த ரம்பத் தடம்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சண்டையிலிருந்து வந்தது. எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சண்டை போட்ட இருவருமே இதைப் படிப்பார்கள். ஒருவர் அருங்காட்சியக இயக்குநர், என் அப்பா. இன்னொருவர் அங்கேயே புதைபடிவ ஆய்வாளர், என் மனைவி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடூர வேட்டை மிருகம்...' [அடித்துவிட்டேன். அருங்காட்சியகப் பலகையிலும் இதே வரிதான். அப்பா எழுதியது.]

2

அருங்காட்சியகக் கூடத்தின் நடுவே டைனோசர் எலும்புக்கூடு வாலைத் தரையில் ஊன்றி, கைதட்டலுக்குக் காத்திருக்கும் பிரமுகர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. இளமையில் அப்பா தன் கையாலேயே நிறுத்தியது.

"இது இப்படி நின்னிருக்கவே முடியாது மாமா. வால் எலும்பு மேல தசைநாரே எலும்பா இறுகியிருக்கு பாருங்க. வளையாது. வால் பின்னால நீட்டமா, உடம்பு முன்னால சாய்ஞ்சு, இடுப்புல பேலன்ஸ் பண்ணித்தான் நடந்திருக்கும்."

"இத்தனை வருஷமா நிக்குதேம்மா. அது ஏதாவது சொல்லுச்சா?"

"வேட்டை மிருகம்னு வேற போட்டிருக்கீங்க. பல்லு தட்டையா தேய்ஞ்சிருக்கு. இலை தழையை அரைச்ச பல்லு."

"வயசானா யாருக்குத்தான் பல்லு தேயாது?"

(இங்கே வாசகர் சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க மனைவி என்னோடு பேசவில்லை.)

3

அப்பா பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. காரணமில்லாமல் ஒரு மனிதர் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பாரா?

காரணம் மனைவிக்குக் கிடைத்தது. வளையாத வால் எப்படி வளைந்தது என்று, மேலே பூசியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு வால் எலும்புகளில் ரம்பத் தடம். அறுத்து, வளைத்து, பூசி மறைத்தவர்...

[இந்த வாக்கியத்தை மகன் முடிக்கக் கூடாது.]

என்னிடம் மட்டும்தான் சொன்னாள். வாலை நிமிர்த்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அனுமதி தர வேண்டியவரும் அப்பாவேதான். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள்.

4

முடிவு ஒன்று: அப்பா மறுக்கிறார், மனைவி வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகிறாள். [எழுத மாட்டேன். எனக்கு இருவருமே வேண்டும்.]

முடிவு இரண்டு: மனைவி வாயை மூடிக்கொள்கிறாள். [அவளைத் தெரிந்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.]

முடிவு மூன்று, எனக்குப் பிடித்தது:

"யார் அறுத்ததுன்னு பலகையில போட மாட்டேன் மாமா."

"ஏன், என் பேரைப் போட்டா என்ன? போடு. எழுத்து பெருசா இருக்கட்டும்."

எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெருமையில், எதிரே மனைவி உட்கார்ந்திருக்க, அப்பாவுக்கே முழுக் கதையையும் படித்துக் காட்டினேன். மனைவி முறைத்த முறைப்பில் பாதிக்கு மேல் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"தப்பா எழுதியிருக்கேடா. ரெண்டு எலும்பு இல்ல, மூணு. மூணாவது அறுக்கும்போதே நொறுங்கிப் போச்சு. இப்ப அங்க இருக்கறது நான் பிளாஸ்டர்ல செஞ்சது."

மனைவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "நொறுங்கினது எங்க மாமா?"

"என் மேஜை டிராயர்ல. தூக்கிப் போட மனசு வரலம்மா."

5

வாலை நிமிர்த்துவதற்கான அனுமதித் தாள் இருவருக்கும் நடுவே கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. போடுவாரா, மாட்டாரா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது கேட்டால், முடிவு உங்களுடையது என்று சொல்லிவிடுவேன்.