ஏர் படாத மூலை

கடப்பாரை ‘ணங்’கென்று மோதியதும் ராஜவேலு கையை உதறிக்கொண்டார். “அண்ணி, அடியில பலகைக் கல்லு. இன்னா பண்றது?”

மங்கம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. குழிக்கு இந்த இடத்தைக் காட்டியவளே அவள்தான். கொல்லை நிலத்தின் கீழ்மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்கு அவள் புருஷன் தீர்த்தகிரி முப்பது வருஷமாக ஏர் ஓட்டியதில்லை. சோம்பேறி என்று திட்டியிருக்கிறாள், ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருக்கிறாள். மனிதர் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். ஆதிகாலத்துச் சமாதிகளான பழைய கல்வீடுகளைப் பார்க்க ஜீப்பில் யார் வந்தாலும் முன்சீட்டில் ஏறிக்கொண்டு மலை முழுக்கக் காட்டுவார். இந்த மூலையை மட்டும் ஒருவருக்கும் காட்டியதில்லை. நேற்று அவர் மூச்சு நின்றதும்தான் இவளுக்குப் பொறி தட்டியது: அட, தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்!

மகன் வெற்றிவேல் வானத்தைப் பார்த்தான். “மழை வருது சித்தப்பா, ஒடைச்சிடுங்க.”

“இருடா!” என்று மங்கம்மாள் குழிக்குள் இறங்கினாள். கல்லோரத்து மண் சரிந்து சந்து தெரிந்தது. மகனின் செல்போனை வாங்கி வெளிச்சம் காட்டினாள். உள்ளே எலும்புகள். பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புக் கிண்ணம், சாயாமல் நின்றது.

“இன்னாம்மா கீது?”

“ஆளு. எந்தக் காலத்து ஆளோ. தலமாட்டுல கிண்ணம் வெச்சிக்கீறாங்க.”

மேலே பாடையில் புருஷனின் தலைமாட்டில் காலையில் அவளே கிண்ணத்தில் சாமை வைத்திருந்தாள். அம்மா செய்தது, அம்மாவின் அம்மா செய்தது. அதற்கும் முன்னால் எத்தனை அம்மாக்கள்! எண்ணிப் பார்த்தால் தலை சுற்றியது.

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றான் வெற்றிவேல்.

“தெரியாமலா சுத்தி சுத்தி ஓட்னாரு? நாந்தான் பாவி, அவருக்குன்னு நெனச்சிட்டேன். இன்னும் ரெண்டு குத்து விட்டிருந்தா ஒடைச்சே போட்டிருப்போம்.” குழியிலிருந்து மேலே ஏறினாள். “மூடுங்க தம்பி. தள்ளித் தோண்டுங்க. இத்தினி வருஷம் காவல் காத்தவரு, பக்கத்துலயே படுக்கட்டும்.”

இரண்டாவது குழியில் தீர்த்தகிரியை இறக்கும்போது தூறல் பிடித்துவிட்டது. மங்கம்மாள் சாமையை அள்ளி அவர் வாயில் போட்டாள். கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்தாள்.

மண்ணைத் தள்ளி முடித்து எல்லோரும் கிளம்பினார்கள்.

“எம்மா, நனையாத, வா வூட்டுக்கு.”

“தோ வர்றேன்.”

கைக்குள் இன்னும் கொஞ்சம் சாமை இருந்தது. இரண்டடி தள்ளிப் போய், முதலில் மூடிய குழியின் தலைமாட்டில் அதைத் தூவினாள்.