இருபத்தைந்துக்குக் கீழே சாவி இல்லை

ஓசூர் பைபாஸில் ஏறி இறங்கிய மூன்று கார் ஷோரூம்களிலும் பிரவீனாவிடம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். கூட யார் வந்திருக்கிறார்கள்? வண்டி வாங்கப் போகிறவள் அவள், ஓட்டப் போகிறவளும் அவள், லைசன்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தும் பேச்செல்லாம் கூட வர வேண்டியவரைப் பற்றியே இருந்தது. முதல் ஷோரூமில் அண்ணனைக் கூட்டி வரச் சொன்னார்கள். இரண்டாவது ஷோரூமில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், ஆன பிறகு வீட்டுக்காரரோடு வந்தால் ஓட்டிப் பார்க்கலாம் என்று கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னார்கள். ஒரு காரை ஓட்டிப் பார்க்கத் தாலி கட்டிக்கொள்ள வேண்டுமாம். நல்ல கூத்து!

மூன்றாவது ஷோரூமாவது மறைக்காமல் எழுதி மாட்டியிருந்தது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டெஸ்ட் டிரைவ் கிடையாது. மேனேஜர் சிவராஜ் அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் வண்டியை எடுத்துப் போய் சூளகிரிப் பக்கம் ஒரு லாரியில் உரசிவிட்டானாம். அன்று மாட்டிய பலகை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது என்று பிரவீனாவுக்குத் தோன்றியது, ஆனால் வந்த காரியம் முக்கியம் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் வந்த காரியம் சின்னதல்ல. பேரிகையைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் ஆறு பேரைக் காலை ஷிப்டுக்கு சிப்காட் கம்பெனிக்கு ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டும், ஓட்டுவதும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. அதே கம்பெனியில் இரண்டு வருஷம் லைனில் நின்று பாகம் பூட்டிய பிரவீனாவுக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்தது. வண்டி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும், ஒன்றாம் தேதி காலை கேட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். திரும்பவும் லைனில் போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்க்காமலே வாங்கித் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். பிரவீனாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பூ வண்டியை ஒரு வருஷமாக மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறாள், முதுகுக்குப் பின்னால் ஒரு சாக்கை மடித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறாள். ரோஜாப்பூ மூட்டைகளோடு அப்படிப் போகலாம். ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலைப் பனியில் மேட்டில் நின்று கிளம்பும்போது கால் கிளட்சுக்கு எட்டுமா எட்டாதா என்பது, நோட்டீஸில் அச்சடித்த படத்தைப் பார்த்தால் தெரியாது.

"செருப்பு வாங்கப் போனாக்கூட கால வுட்டுப் பாத்துட்டுதான் சார் வாங்கறோம்" என்று சிவராஜிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் அந்தப் பலகையைக் காட்டினார்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பிரவீனா மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அதே ஷோரூமுக்குப் போனாள். சோபாவில் உட்கார்ந்தாள். போகச் சொல்லவும் முடியாது, வாங்க வந்தவள். அங்கே விற்பனையில் இருந்த ஃபெபா என்கிற பெண் ஒவ்வொரு தடவையும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவாள். ஃபெபாவுக்கு வயது இருபத்து மூன்று. டெஸ்ட் டிரைவ் வண்டிகளுக்குத் தினமும் பெட்ரோல் போட்டு வருவதும், பின்னால் வண்டிகள் நிற்கும் யார்டிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்துவதும் அவள்தான். அதே பெண் நாளைக்கு வேலையை விட்டுவிட்டு வாங்குகிறவளாக வந்தால் சாவி கிடையாது. இந்த நியாயத்தை எந்த ஊர்ச் சந்தையில் வாங்கினார்களோ!

சோபாவில் உட்கார்ந்தபடி பிரவீனா இன்னொன்றையும் கவனித்தாள். புது வண்டி எடுக்க ஒவ்வொரு குடும்பமும் மாலை, சூடம், நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தது. சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்ததும் குடும்பத்தில் மூத்தவர்தான் ஸ்டீரிங்கில் உட்காருவார். பழம் நசுங்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு அவர் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள, இருபது இருபத்திரண்டு வயசில் மகனோ மகளோ ஏறி வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போவார்கள். மூன்று சனிக்கிழமையில் போன பதினாலு வண்டியில் பதினொன்று அப்படித்தான் போயிற்று. பழம் நசுக்க அப்பா, பாதை முழுக்க ஓட்டப் பிள்ளை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்தது யார் என்று கேட்டால், அதுவும் அப்பாதான்.

நான்காவது சனிக்கிழமை தேதி இருபத்தாறு ஆகிவிட்டது. அன்றைக்கு அவளுடைய அப்பா முனிவேல் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தானும் வருவதாகக் கிளம்பினார். சின்னவளுக்குத் தர மாட்டார்கள் என்றால் பெரியவன் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள், ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை என்பது அவர் யோசனை. அவருக்கு ஐம்பத்தாறு வயது, முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். கார் ஓட்டியதே இல்லை. பஸ்ஸில் வரும்போது பிரவீனா வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

"அதும் நாலு சக்கரம், இதும் நாலு சக்கரம். நீ கம்முனு வா கண்ணு" என்றார்.

அவளும் கம்மென்று இருந்துவிட்டாள். தப்பு அங்கேதான். ஒன்றாம் தேதி கண்ணுக்கு முன்னால் நின்றது, அப்பாவின் முகமோ அத்தனை பெருமையாக இருந்தது.

ஷோரூமில் நரைத்த தலையைப் பார்த்ததும் சிவராஜ் எழுந்தே நின்றுவிட்டார். வாங்க ஐயா, உட்காருங்க ஐயா, காபியா டீயா! லைசன்ஸை வாங்கி நகல் எடுத்து, சரிபார்க்கப்பட்டது என்று சீல் குத்திக் கையெழுத்தும் போட்டார். முனிவேலுக்குப் பிடித்திருந்தது ஏழு பேர் உட்காரும் வண்டிகளில் பெரியது, உயரமானது. அதன் சாவி ஐந்தே நிமிஷத்தில் அவர் கையில் இருந்தது. மகள் மூன்று வாரம் உட்கார்ந்து வாங்க முடியாத சாவி.

முனிவேல் ஸ்டீரிங்கில், பக்கத்தில் ஃபெபா, நடு வரிசையில் பிரவீனா. அவள் சாய்ந்து உட்காரவில்லை. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தபடி அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார்டுக்குள் வண்டி ஆமை மாதிரி நல்லபடியாகத்தான் போயிற்று. கேட்டுக்கு வந்ததும் சர்வீஸ் ரோட்டில் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு கம்பெனி பஸ் வந்தது. நிறுத்த வேண்டும்.

டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் உண்டு, பக்கத்துப் பக்கத்தில். ரோட்டில் நிறுத்தும்போது இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டும். முப்பது வருஷம் மிதித்த கால் அது. முனிவேலின் அகலமான பாதம் வழக்கம் போலப் பரந்து இறங்கியது, பாதி பிரேக்கில், பாதி ஆக்சிலேட்டரில். வண்டி நிற்காமல் உறுமியதும் அவர் இன்னும் பலமாக அழுத்தினார். பஸ் பக்கம் போகாமல் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வரிசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் மேல் வண்டி ஏறியது, எதிரே ஷோரூமின் பெயர்ப் பலகைத் தூண்.

"அப்பா, கால எடுங்க" என்று சொல்லிக்கொண்டே பிரவீனா நடுவில் பாய்ந்து இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் இன்னும் அழுத்தியிருப்பார். தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

யாருக்கும் அடி இல்லை. முன் பம்பர் பிளந்து, அதில் ஒரு குரோட்டன்ஸ் செடி வேரோடு சொருகிக்கொண்டிருந்தது. ஃபெபா கண்ணை மூடி சேசுவே சேசுவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முனிவேல் ஸ்டீரிங்கை விடவே இல்லை. பிரவீனா எட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். வேண்டாம் என்று மூன்றாவது தடவையும் சொல்லியிருக்கலாம்.

சிவராஜ் ஓடி வந்தார். வந்த வேகத்தில் வாய்ப்பழக்கம் முந்திக்கொண்டது.

"இதுக்குத்தாம்மா சின்னப் பசங்களுக்கு வண்டி குடுக்கறதில்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டீரிங்கில் இருப்பது யார் என்று பார்த்தார். பார்த்தும் விடவில்லை. பம்பருக்கு யார் பதில் சொல்வது, ஓனருக்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்து, ஃபெபாவைத் திட்டி, செடிக்கும் சேர்த்துப் புலம்பினார். டெலிவரிக்கு வந்திருந்த இரண்டு குடும்பமும் மாலையோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தன. அதில் ஒரு குடும்பம் இவர்கள் ஊர்ப் பக்கம், பேரிகைதான். முனிவேலை நன்றாகத் தெரிந்தவர்கள்.

பிரவீனாவிடம் பதில் இருந்தது. ஒரே வார்த்தையில் சிவராஜின் வாயை அடைக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ஊர்க்காரர்கள் முன்னால் அப்பாவின் மானம் போகும். அவள் கீழே வந்து பம்பரில் சொருகியிருந்த செடியைப் பிடுங்கி எடுத்தாள்.

முனிவேலும் வண்டியை விட்டு இறங்கினார். சட்டைப்பையிலிருந்து லைசன்ஸை எடுத்து சிவராஜ் கையில் வைத்தார்.

"படிங்க சார். மொதல்ல நீங்க படிக்கல. டிராக்டர்னு மட்டும்தான் போட்டிருக்குது. எனக்கு காரு ஓட்டத் தெரியாதுங்க. எம்மவளுக்குத் தெரியும், அவ லைசன்ஸ்ல காருன்னு இருக்குது. நீங்க என் தலை நரைச்சிருக்குதான்னு பாத்துட்டு சாவியக் குடுத்துட்டீங்க. நானும் வெக்கங்கெட்டு வாங்கிட்டேன்."

சிவராஜ் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் காப்பாற்றவில்லை. மேஜை மேல் அதன் நகல் அவருடைய சீலோடும் கையெழுத்தோடும் கிடந்தது. இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன! குரலைத் தாழ்த்தி பிரவீனாவைத் தனியாகக் கூப்பிட்டார். பம்பரை ஷோரூமே பார்த்துக்கொள்ளும், நடந்ததை யாரும் பெரிதாக்க வேண்டாம், அவளுக்கும் ஒரு ரவுண்டு தருகிறேன், ஆனால் அவளுக்கு மட்டும், வெளியே சொல்லக்கூடாது என்றார்.

நாலு வாரம் எதற்காக உட்கார்ந்தாளோ அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒன்றாம் தேதிக்கு நடுவில் ஐந்து நாள்தான். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் டிரைவிங் ஸ்கூலில் கூடப் படித்த எத்தனை பேர் இந்த ரோட்டில் அண்ணனையும் மாமாவையும் தேடிக்கொண்டு அலைகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்று அவள் மட்டும் பின்வாசல் வழியாக ஓட்டிவிட்டுப் போனால், நாளைக்கு இன்னொரு முனிவேல் இன்னொரு மகளுக்காக வந்து இதே தூணைப் பார்த்து ஏறுவார்.

"எனக்கு மட்டும்னா வேணாம் சார்" என்றாள். "அந்தப் பலகைய எடுங்க. வயசக் கேக்காதீங்க, லைசன்ஸப் படிங்க. முதல்ல யார்டுக்குள்ள ஒரு சுத்து ஓட்டச் சொல்லுங்க, ஃபெபா பக்கத்துல உக்காரட்டும். ஓட்டத் தெரியலன்னா அங்கியே இறக்கி வுட்டுருங்க, அறுபது வயசானாலும் சரி."

அது ஓனர் போட்ட ரூல், தன் கையில் இல்லை என்றார் சிவராஜ். அப்படியானால் ஓனரைக் கூப்பிடுங்கள் என்று அவள் சோபாவில் போய் உட்கார்ந்தாள். அந்த சோபாவில் அவள் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்காருவாள் என்பது சிவராஜுக்கு நன்றாகத் தெரியும். கிருஷ்ணகிரியில் இருந்த ஓனருக்குப் போன் போனது. பம்பர், டிராக்டர், சீல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நடுவில் போன் பிரவீனாவின் கைக்கு வந்தது. அவள் பதினாலு வண்டிக் கணக்கைச் சொன்னாள். உங்களிடம் வண்டி வாங்குகிறவர்கள் அப்பாக்கள், ஓட்டுகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு யார் முதலில் சாவி தருகிறார்களோ அந்த ஷோரூமுக்குத்தான் இனிமேல் அப்பாக்களைக் கூட்டிப் போவோம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஓனர் போனை மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னார்.

போனை வாங்கி ஆமாம் சார், சரி சார் என்று நாலு தடவை சொன்ன சிவராஜ், ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். ஃபெபா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டெஸ்ட் டிரைவ் நோட்டில் பிரவீனா தன் பெயரை எழுதி, வயது என்ற கட்டத்தில் இருபத்தொன்று என்று நன்றாக அழுத்தி எழுதினாள்.

பம்பர் பிளந்து நின்ற வண்டி இனி ரோட்டுக்குப் போகாது. அதே மாதிரிப் பெரிய வண்டி இன்னொன்றை ஃபெபா கொண்டுவந்து நிறுத்தினாள். பிரவீனா சீட்டை முன்னால் தள்ளினாள், இன்னும் தள்ளினாள், அதற்கு மேல் வரவில்லை. யார்டில் ஒரு சுற்று, பிறகு சர்வீஸ் ரோடு, பிறகு பாலத்து மேடு. மேட்டின் நடுவில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். கிளட்சை முழுக்க மிதிக்க இடுப்பை நழுவ விட வேண்டியிருந்தது, நழுவினால் முன்னால் ரோடு தெரியவில்லை. கிளம்பும்போது வண்டி ஒரு சாண் பின்னால் போய்விட்டுத்தான் ஏறியது. திரும்பி வந்து இன்னொரு தடவை ஏறினாள். மறுபடியும் அதே ஒரு சாண். பின்னால் முனிவேல் எட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் இப்போது அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஷோரூம் வாசலில் சிவராஜ் ரசீதுப் புத்தகத்தோடு காத்திருந்தார். பிரவீனா இறங்கி, சாவியை அவர் கையில் வைத்தாள்.

"இந்த வண்டி எனக்கு ஆகாது சார்."

சிவராஜ் ரசீதுப் புத்தகத்தை மூடினார். "ஏம்மா, நாலு வாரம் உசுர எடுத்து, பலகையக் கழட்ட வெச்சு, ஓனர்கிட்ட என்ன வாங்கிக் கட்டிக்க வெச்சு, இப்ப வேணாங்கறியா?"

"வாங்கினப்பறம் இது தெரிஞ்சிருந்தா ஆறு பேரோட மேட்டுல உருண்டிருப்பேன் சார். இதுக்குத்தான் ஓட்டிப் பாக்கணும்னு கேட்டேன்." பக்கத்தில் நின்ற சின்ன வண்டியைக் காட்டினாள். "அதுலயும் ஏழு பேரு உக்காரலாமில்ல? அந்தச் சாவியக் குடுங்க."

யாரும் சொல்லாமலே முனிவேல் போய் அந்தச் சின்ன வண்டியின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.