இருபதாவது பெயர்

"நிறுத்து. ஆல்ஃபிரட்டுக்கு அப்புறம் கமா இருக்கா?"

"இருக்கு."

"பார்த்துதான் சொல்றியா, சும்மா சொல்றியா?"

மேவிஸ் பார்த்துத்தான் சொன்னாள். காலை எட்டு மணியிலிருந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்திருந்த தாள்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சிரிலுக்குக் கண் மங்கி ஒரு வருடம் ஆகிறது. நுரையீரலும் கைவிட்டுவிட்டது. இன்றோ நாளையோ என்று டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் கமா விஷயத்தில் சிரில் இன்னும் திடமாகத்தான் இருந்தார்.

அவர் எழுதிய புத்தகம் அது, மீனவர்கள் வாழ்ந்த ஹெஸ்ஸல் ரோட்டின் முழு வரலாறு. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து ஐஸ்லாந்துக் கடலுக்குப் போன ஒவ்வொரு மீன்பிடிக் கப்பலும், திரும்பாத ஒவ்வொரு ஆளும் அதில் உண்டு. இருபது வருட உழைப்பு. ஒரு காலத்தில் சிரில் கம்பெனிக்குக் கப்பலாள் பிடித்துக் கொடுப்பவராக இருந்தார். கப்பல் கிளம்பும் காலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, குடித்துவிட்டுக் கிடப்பவனை எழுப்பி, காலணி மாட்டிவிட்டு, டாக்ஸியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிற வேலை. அவரைக் கண்டால் பெண்கள் கதவை மூடிக்கொண்ட காலம் உண்டு. இப்போது அதே பெண்கள் வரலாற்றாசிரியர் என்று கைகுலுக்குகிறார்கள். கப்பல்கள் நின்றுபோய்ப் பத்து வருடமாகிவிட்டதால் யாருக்கும் பழைய கோபம் நினைவில்லை.

வழக்கங்கள் பற்றிய அத்தியாயத்தைக் காலையில் இரண்டு முறை படிக்கச் சொன்னார். அவருக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. 'கப்பல் கிளம்பும் நாளில் எங்கள் தெருப் பெண்கள் துணி துவைப்பதில்லை. துவைத்தால் போகிறவனையும் சேர்த்து அலசி அனுப்பியதாகும். அவன் திரும்பி வரமாட்டான்.'

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

"நல்லாத்தான் வந்திருக்கு."

இப்போது அவள் 'நார்த் வெஸ்பர்' என்ற கப்பலுக்கு வந்திருந்தாள். ஐம்பத்தைந்து ஜனவரி. பனியில் சாய்ந்து மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பத்தொன்பது பெயர்களையும் படித்து முடித்துவிட்டு, அந்தக் கப்பல் பேச்சு வரும்போதெல்லாம் சொல்வதையே சொன்னாள்.

"நல்லவேளை, நம்ம லென் அதுல போகல."

லென் அவளுடைய தம்பி, அவனும் கப்பலாள்தான். அந்த ஜனவரியில்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றவனைச் சிரில்தான் பார்த்தாராம். அப்போது சிரில் அவளுக்குத் தெருக்கோடியில் குடியிருந்த ஆள், அவ்வளவுதான். தம்பியைத் தேடி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கெல்லாம் அவள் சார்பில் கடிதம் எழுதித் தந்ததில் பழக்கமாகி, இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆயிற்று. லென்னுக்காக ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் வாழ்த்து அட்டை வாங்கி வைத்தாள். முகவரி கிடைத்ததும் அனுப்புவதற்காக முப்பத்தொரு அட்டைகள் மேஜை இழுப்பறையில் காத்திருந்தன.

"உளறாத" என்றார் சிரில்.

"என்ன உளறல்?"

"முப்பது வருஷமா இதையே சொல்ற. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. பத்தொன்பதுன்னு பேப்பர்காரன் எழுதினான், கம்பெனி எழுதிச்சு, நினைவுக் கல்லுல செதுக்கினவனும் செதுக்கினான். எல்லாவனும் தப்பு. இருபது."

அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வரலாற்றுச் சங்கக் கூட்டங்களில் அடுத்தவர் சொன்ன தேதியைத் திருத்தும்போது வருகிற அதே திருப்தி.

"யாரு இருபதாவது?"

"யாருன்னு நினைக்கிற? ஒருத்தன் வரல. கப்பல் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. உன் தம்பி மதுக்கடை பெஞ்சுல தூங்கிட்டிருந்தான். அள்ளிப்போட்டுக் கொண்டுபோய் ஏத்திவிட்டேன். அக்காகிட்ட சொல்லிடுங்கன்னான். வராதவன் பேரைப் பட்டியல்ல அடிச்சாங்க. இவன் பேரை ஆபீஸ்ல நான்தான் குடுக்கணும். அன்னிக்குக் குதிரைப் பந்தயம் இருந்தது. மறந்துட்டேன்."

"என்கிட்ட ஸ்டேஷன்னு சொன்னியே, சிரில்."

"நாலு நாள் கழிச்சு வந்து தம்பி எங்கேன்னு நின்ன. பேர் குடுக்கலைன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். கப்பல் திரும்பினதும் சரி பண்ணிக்கலாம்னு ஒண்ணைச் சொன்னேன். கப்பல் திரும்பல."

மேவிஸின் மடியில் தாள்கள் சரிந்தன. அவற்றை அவள் பொறுமையாக அடுக்கினாள்.

"அந்தக் கடிதமெல்லாம்?"

"நீ அழுதுட்டே இருந்த. நான் எழுதினேன். என் கையெழுத்து நல்லா இருக்கும்."

"அவன் பேரை இதுல சேர்க்கணும்."

"எதுக்கு? நான் ஆள் பிடிச்ச லட்சணத்தை ஊரே படிக்கவா? புத்தக அட்டையில என் பேர் தங்க எழுத்துல வருது, மேவிஸ்."

"நான் சொல்வேன்."

சிரில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. "சொல்லேன். ஆஸ்திரேலியா ஆஸ்திரேலியான்னு முப்பது வருஷமா இந்தத் தெருவுல தம்பட்டம் அடிச்சதே நீதான். எவ நம்புவா?" பிறகு, விட்டுப்போன ஒரு விவரத்தைச் சேர்ப்பதுபோல் சொன்னார். "டாக்ஸி நம்ம சந்து முனையைத் தாண்டினப்போ பார்த்தேன். கொடியில அவன் நீலச் சட்டை தொங்கிட்டிருந்தது. சொட்டச் சொட்ட. அன்னிக்குத்தான் உனக்குத் துவைக்கத் தோணிச்சு. பழியை மொத்தமா என் தலையில கட்டாத."

அவளுக்கு நினைவிருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று வெயில் அடித்ததால் துவைத்தாள். அவன் போகிறான் என்று தெரியாமல் துவைத்தாள். முப்பத்தொரு வருடமாக அந்தச் சட்டையை அவள் நினைத்ததே இல்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் நினைவில் வரவில்லை.

"அடுத்த பக்கம் படி" என்றார் சிரில்.

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதினாள்: லென்னர்ட், வயது இருபத்திரண்டு. உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுக் குரல் வந்தது. கமா சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். குரல் மறுபடி வந்தது. தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்தாள். மூன்றாம் முறை வந்தது மேவிஸ் என்ற பெயர் மட்டும்தான். பென்சிலைச் சீவி வைத்துவிட்டு டம்ளரோடு போனபோது சிரில் வாய் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிவிட்டாள். அழுகை வரவில்லை. அவளுக்கு அவர்மேல் வெறுப்பு இருந்தது. அதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் புத்தகத்தை வெளியிடும் சங்கத்திலிருந்து ஆள் வந்து தாள்களை வாங்கிப் போனான். அடக்கத்துக்கு முந்தின நாள் மதியம் செயலாளர் ஹார்கரே நேரில் வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மேவிஸ், இந்த இடத்துல பென்சில்ல ஒரு பேர் இருக்கு. இது சிரில் கையெழுத்து இல்லையே?"

"நான் எழுதினேன். என் தம்பி. அந்தக் கப்பல்ல போனான். சிரில் சாகறதுக்கு முன்னாடி அவர் வாயாலேயே சொன்னார்."

ஹார்கர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க தம்பி ஆஸ்திரேலியாவுல இல்ல இருக்கார்? போன கிறிஸ்துமஸ் விருந்துல நீங்களே என்கிட்ட சொன்னீங்க. ஆட்டுப் பண்ணைன்னு கூடச் சொன்னீங்க."

"அது நானா நினைச்சுக்கிட்டது."

"துக்கத்துல இப்படியெல்லாம் தோணும்மா. என் மனைவி போனப்போ எனக்கும் என்னென்னவோ தோணிச்சு." குரலில் உண்மையான கனிவு இருந்தது. "கம்பெனி ஏட்டுல பத்தொன்பது. கல்லுலயும் பத்தொன்பது. சிரில் இருபது வருஷம் உழைச்ச புத்தகம். அவர் போனதும் அதுல நாம கை வைக்கிறது அவருக்குச் செய்யற மரியாதையா?"

கோட்டுப் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தார். அவள் முன்னாலேயே, தாள் கசங்காமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, அந்த வரியை அழித்தார். வீட்டு எண்ணை அழிக்க இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது. துகளை வாயால் ஊதினார். கொஞ்சம் அவள் பாவாடையில் விழுந்தது.

"நாளைக்குச் சவப்பெட்டியைத் தூக்கறப்போ புத்தகத்துல இருந்து ஒரு பக்கம் படிக்கலாம்னு இருக்கோம். அந்தத் துவைக்கிற வழக்கம் பத்தினது. அவருக்குப் பிடிச்ச பக்கம்."

"படிங்க" என்றாள் மேவிஸ்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அவள் அண்டாவில் தண்ணீர் காய வைத்தாள். அலமாரியைத் திறந்து சிரிலின் துணிகளை எல்லாம் வாரிப் போட்டாள். துவைத்து மடித்து வைத்தவற்றையும் போட்டாள். எட்டு சட்டைகள், உள்ளாடைகள், சங்கக் கூட்டத்துக்குப் போட்டுப்போகும் கம்பளி உடுப்பு. பிழியாமல் கூடையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே சந்தின் குறுக்கே கொடிகள் ஓடின. எல்லாக் கொடிகளும் வெறுமையாகக் கிடந்தன. ஒரு சாவு கிளம்பும் நாளில் அந்தச் சந்தில் யாரும் கைக்குட்டைகூடக் காயப்போட மாட்டார்கள்.

எதிர்வீட்டு ஃப்ளோரி முடி சுருட்டும் உருளைகளைத் தலையிலிருந்து கழற்றாமலே ஓடி வந்தாள். "அடிப்பாவி, என்னடி பண்ற? இன்னிக்கு அவர் போற நாளுடி!"

"தெரியும்."

"துக்கத்துல உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? எடுடி அதை. ஆளுங்க வந்துட்டாங்க."

"துணிக் கவ்வி கொஞ்சம் குறையுது. உன்கிட்ட இருந்தா குடு."

ஃப்ளோரி பின்வாங்கி, தன் வாசலில் ஏறி நின்றுகொண்டாள். மற்ற வாசல்களிலும் பெண்கள் வந்து நின்றார்கள். சந்துக்குள் வண்டி வராது. முனையில் நின்ற கறுப்பு வண்டி வரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ஆறு பேர் தூக்கி வெளியே வந்து, முதல் கொடியைப் பார்த்ததும் நின்றார்கள். பின்னால் ஹார்கர் கையில் தாளோடு நின்றார். அவர் மேவிஸைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேறு வழி இல்லை. ஆறு பேரும் தலையைக் குனிந்து சட்டைகளுக்கு அடியில் நடந்தார்கள். ஈரச் சட்டைக் கைகள் பெட்டியின் மூடியைத் தடவி விட்டன. பளபளப்பான மரத்தில் தண்ணீர் சொட்டி, சங்கத்தார் வைத்த மலர்வளையத்தின் ரிப்பனில் எழுத்து கரைந்து ஓடியது.

மேவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையில் இன்னும் இரண்டு சட்டைகள் இருந்தன. கவ்விகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடுத்ததை எடுத்து நன்றாக உதறினாள்.