மரியாதைக்கு ஒரு வெடி

கிஸ்போர்னுக்கு வடக்கே, கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது அந்த மாவோரி மக்களின் ஊர்மன்றம். வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம். பழம் கனிந்தால் குருவிகள் மொய்த்துவிடும். அவற்றை விரட்ட அங்கே ஒரு எரிவாயு வெடிக்குழாய் வைத்திருந்தார்கள். சிலிண்டரைத் திறந்துவிட்டால் போதும், அதுபாட்டுக்கு அவ்வப்போது பீரங்கி போல முழங்கும்.

அதைப் பார்த்துக்கொள்வது, அந்தத் தோட்டத்தில் கூலிக்கு இருந்த நிக்கோராவின் வேலை. அன்று அவன் மகளைக் கேட்டு மேற்குக் கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "வெடிய நிறுத்திட்டு வாங்க, மறந்துடாதீங்க" என்று மனைவி மெரேயானா காலையிலேயே சொல்லியிருந்தாள். அவனும் போனான். மூடுவதாக நினைத்து இன்னும் நன்றாகத் திறந்துவிட்டு வந்தான்.

வந்தவர்களை மன்றத்து முற்றத்தில் பெண்கள் குரல் கொடுத்து அழைத்து உட்கார வைத்தார்கள். பெரியப்பா ஹோரோமோனா கைத்தடியோடு எழுந்தார். அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்பது ஊரறிந்த சேதி.

"இந்தக் கடல் சாட்சியா சொல்றேன்..."

டமார்.

தடி கையிலிருந்து நழுவியது. பெரியப்பா நிக்கோராவைப் பார்த்த பார்வையில் திராட்சையே வற்றியிருக்கும். ஆனால் வந்தவர்கள் அசையவில்லை. தங்களுக்குச் செய்யும் மரியாதை என்று பயபக்தியோடு தலையசைத்தார்கள்.

பெரியப்பா கெட்டிக்காரர். அடுத்த வரியிலிருந்து பேச்சை ரப்பராக இழுத்தார். குழாய் இருமத் தயாராகும் சீறல் கேட்டதும், "எங்க முன்னோர் குரல் இன்னும் அடங்கல" என்று தடியை உயர்த்தினார். டமார். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"மனுஷன் ருசி கண்டுட்டாரு. இனி ராத்திரிதான் சாப்பாடு. போய் மூடுங்க" என்று மெரேயானா விலாவில் இடித்தாள்.

பேசுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது. சமையல்கட்டுக்குப் பின்னால் குனிந்து போய், வேலியேறி, கல்யாணக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு சிலிண்டரை மூடிவிட்டு வந்தான். அதற்குள் பெரியப்பாவின் பேச்சும், பேச்சுக்குப் பின் வழக்கமாகப் பாடும் பாட்டும் முடிந்து, மாப்பிள்ளையின் தாத்தா கீபா எழுந்திருந்தார்.

கீபாவும் லேசுப்பட்டவரில்லை. "எங்க ஆறு எப்பவாவது வத்தியிருக்கா?" என்று கேட்டுத் தடியை உயர்த்தி நின்றார்.

ஒன்றுமில்லை. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. கை வலிக்கும்வரை நின்று பார்த்தார். ஒரு கடற்காகம் கரைந்தது. கீபா தடியை இறக்கினார். முகம் சுருங்கிப்போயிற்று.

"அவங்க பேசினா வெடி. நாம பேசினா காக்காவா?" என்று அந்தப் பக்கத்துக் கிழவி ஒருத்தி முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

பெரியப்பா வாயோரமாகப் பேசினார். "டேய், யாரு உன்ன மூடச் சொன்னா? சம்பந்தம் போச்சுடா. ஓடு."

நிக்கோரா மறுபடி ஓடினான். திறந்தான். வாயு நிரம்ப வேண்டுமே. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தால், கீபா அதே ஆற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "சீக்கிரம்டா ராசா" என்று குழாயைத் தடவிக் கெஞ்சினான். அது கேட்கவில்லை. கீபா பேசி முடித்து, வழக்கப்படி பெரியப்பாவோடு மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொண்ட அந்த நொடியில்தான் வெடித்தது.

இரண்டு கிழவர்களும் துள்ள, மண்டையும் மண்டையும் மோதின. கீபா நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ம். இது எனக்கு வந்தது."

பெரியப்பா சிரித்துவிட்டார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

பந்தியில் கீபா வெள்ளை ஒயினை ஊற்றிக்கொண்டு, கிழிந்த கால்சட்டையோடு வந்த நிக்கோராவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"சம்பந்தி, பொண்ண அனுப்பறப்ப அந்தக் குழாயையும் சேர்த்து அனுப்புவீங்களா?"

"அது முதலாளியோடதுங்க."

"அப்ப முதலாளியையும் கூட்டிட்டு வாங்க" என்றார் கீபா, இறாலை உடைத்தபடி.