கைப்பிடி வைத்த பெட்டி

தம்பியின் முதல் கம்ப்யூட்டர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோது, அக்கா கீழே காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் திரை வந்தது. பின்னாலேயே பெட்டி, ஒயர்கள் வால் மாதிரி பறக்க வந்து ஒரு போர்வையின் மேல் விழுந்து, கயிற்றோடு அதை இழுத்துக்கொண்டு தரையில் சிதறியது. அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் அவள் கணவன் உள்ளங்கைகளைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டிருந்தான். "தூங்க விடுறீங்களா மனுஷன?" என்றான். கத்தவில்லை. அவன் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தூக்கம் கலைந்துவிடும் என்பான்.

அவன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகலெல்லாம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். அக்காவும் தம்பியும் பூனை மாதிரி நடக்கப் பழகியிருந்தார்கள். கரண்டி பாத்திரத்தில் படாமல் கிண்டுவார்கள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைப்பார்கள். தவறிப்போனால் அடி. கன்னத்தில் அறைவதெல்லாம் அவன் கணக்கில் அடியே இல்லை. ஒருமுறை குக்கர் மூடி கை நழுவியதற்கு, அவளுடைய கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது "கதவுல மாட்டிக்கிச்சு" என்றாள். அது பொய்கூட இல்லை. கட்டுப்போட்ட நர்ஸ், "உங்க வீட்டுல கதவு, படிக்கட்டு எல்லாமே உங்க மேல கோவமா இருக்கும்போல" என்றாள். அக்கா சிரித்தாள். சிரித்தால் கேள்வி நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பிக்கு அவளை விட்டால் யாருமில்லை. அம்மா போனபின் ஒரு பையோடு வந்தவன். இரவில் பார்சல் பிரிக்கும் கொட்டகையில் வேலை, பகலில் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு. வெறும் பொழுதுபோக்கு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வேறு ஊரில் சம்பளம் கொடுத்து ஆட்களை விளையாட வைக்கும் குழு ஒன்று இருக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டிலிருந்தே நெட்டில் தேர்வுப் போட்டி. தேறினால் வேலையோடு தங்க இரண்டு அறையும் தருவார்களாம். மெஷின் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும்.

"ரெண்டு ரூமா?" என்றாள்.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கதவே வேணாம்னு சொல்லிடுவோம்."

உடைந்து கிடந்ததில் பிழைத்தது ரேம் என்கிற நினைவகக் குச்சி ஒன்றுதான். "இந்தத் தடவ சின்னதா கட்டப்போறேன்க்கா. தூக்கிட்டு ஓடுற மாதிரி." கையில் இருந்த காசுக்குப் புதிது எதுவும் கட்டுப்படியாகாது. பழைய திரை ஒன்றையும் ஒரு சாண் அகலமுள்ள மதர்போர்டையும் பழைய சாமான் கடையில் பிடித்தான். அதில் பொருத்தும் பிராசசரில் சில பின்கள் வளைந்திருந்ததால் அதைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். ஒற்றை விசிறி வைத்த குட்டி கிராபிக்ஸ் கார்டு ஒன்று யாரோ கழித்துக்கட்டியது. இதையெல்லாம் அடைக்கும் பெட்டிதான் கிடைக்கவில்லை. சின்னதாகப் போகப்போகப் பெட்டியின் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் தூக்கிப்போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் கூடு கிடைத்தது. கனத்த இரும்பு, நான்கு மூலையிலும் இரும்புக் குமிழ். காற்று போகத் துளை போட வேண்டும். வீட்டில் சத்தம் போட முடியாது. அக்கா வேலை பார்த்தது பை தைக்கும் பட்டறையில். அங்கே கொண்டுபோய் மெஷினில் துளையிட்டாள். அதோடு விடவில்லை. பயணப் பைக்குப் போடும் பட்டை நாடாவை இரண்டாக மடித்துத் தைத்து, இரண்டு பக்கமும் ரிவிட் அடித்து ஒரு கைப்பிடி வைத்தாள். கூட வேலை செய்கிறவள், "உள்ள ஆளையே வச்சுத் தூக்கப்போறியா?" என்று கேட்டாள்.

பெட்டி தயாரானது. துணி மூட்டைக்குள் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் முதல் தடவை ஓடவிட்டபோது விசிறிகள் சீறின. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். தம்பி அவசரமாக அணைத்துவிட்டு, மறுபடி திறந்து, விசிறிகளின் வேகத்தை ஆகக் கீழே இறக்கி வைத்தான். அப்புறம் சத்தமே இல்லை. அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "உயிரு இருக்காடா இதுக்கு?" என்று காதை வைத்துக் கேட்டாள். எதைச் செய்தாலும் முதலில் சத்தத்தைக் குறைப்பது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அந்த வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றின் நடுவில் திரை கறுத்தது. தம்பி இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. "காத்து பத்தலக்கா. சூடாகி நின்னுபோச்சு." இன்னும் ஒரு சுற்று இருந்தது. அதில் ஜெயித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விசிறியை முழு வேகத்தில் விட்டால் ஓடும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா எழுந்துபோய் உள்ளறைக் கதவின் அடியில் போர்வையைச் சுருட்டி அடைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "ஓட விடுடா" என்றாள்.

பெட்டி ஊளையிட்டது. அவன் முதுகு திரைப்பக்கம் வளைந்து, விரல்கள் மட்டும் பறந்தன. திரையில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். ஒரு கட்டத்தில் அவளே தன்னையறியாமல் "அடிடா, விடாத" என்று முணுமுணுத்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் கதவு தள்ளியது. கால்களை ஊன்றிப் பார்த்தாள். இன்னொரு தள்ளு. அவள் போர்வையோடு சேர்ந்து தரையில் வழுக்கிப்போனாள்.

அவன் கண்களைக் கசக்கிக்கொண்டு வந்தான். "துரை இன்னொண்ணு வாங்கிட்டாரா?"

"ரெண்டே நிமிஷம் மாமா" என்றான் தம்பி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியப்போவுது."

"முடிச்சுக்கோ" என்றான் அவன். நின்றான். உண்மையிலேயே பார்த்தபடி நின்றான். அவள் எழுந்திருப்பதற்குள் திரையில் ஏதோ பொன்னிறமாக வெடித்தது. தம்பி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கத்தினான். அந்த வீட்டில் பகலில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அவன் கத்தி முடிப்பதற்குள் கணவனின் கை கைப்பிடிக்குள் நுழைந்தது. ஒயர்கள் பிய்ந்தன. பெட்டி பின்னால் ஒரு வட்டம் போட்டு வந்து, இரும்புக் குமிழ் தம்பியின் காதுக்கு மேலே இறங்கியது. தேங்கியிருந்த காற்று வெளியேறுவது போல அவனிடமிருந்து ஒரு சத்தம். நாற்காலியோடு சரிந்தான். கணவன் குனிந்து இன்னொரு முறை அடித்தான். மூன்றாவதற்கு ஓங்கியபோது அவள் அவன் கையில் பாய்ந்து பல்லைப் பதித்தாள். வாயில் ரத்தம் வந்தும் விடவில்லை. அவன் அவள் தலையைச் சுவரில் மோதிக் கடியை விடுவித்துக்கொண்டான். பிறகு பெட்டியை மேசைமேல் நேராக வைத்துவிட்டு, கையைப் பார்த்து, "நாய் மாதிரி கடிச்சிட்டியேடி" என்றான். வருத்தப்பட்டமாதிரிதான் இருந்தது.

கைப்பிடியில் தைத்த இடம் அறவில்லை. ரிவிட் ஒன்றுகூட ஆடவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். யாரோ ஒரு டாக்டர் நடந்தபடியே "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவள் வாய் தானாகத் திறந்தது. "மேலேருந்து விழுந்துடுச்சு. பெட்டி, அலமாரி மேலேருந்து." சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. கதவு, படிக்கட்டு என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் விடிந்தபோது தம்பி இல்லை. அவன் ஃபோனில் குழுவிலிருந்து 'எப்ப கிளம்புற?' என்று வந்திருந்தது.

இது விழுந்த காயமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்ல, போலீஸ் வந்து, கணவன் கையிலிருந்த கடிகாயத்தைப் பார்த்து, அவனைக் கொண்டுபோனது. போலீஸ் கேட்டபோதும் நடந்ததை அவள் சொல்லவில்லை. நாத்தனார் வந்து கூடவே தங்கினாள். தரையைக் கழுவியது அவள்தான். அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். மோசமான பொம்பளை இல்லை. பின்னிக்கொண்டே சொல்வாள்: "நீ ஏற்கெனவே சொன்னதுதான், புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். அலமாரி மேலேருந்து விழுந்துச்சு. போனவன் திரும்பவா போறான்? உம் புருஷன் வெளிய வந்தா உனக்கு வீடு. வரலன்னா நீ எங்க போவ, சொல்லு?" இரண்டு அறை தருவதாகச் சொன்ன ஊரின் பெயர்கூட அக்காவுக்குச் சரியாக நினைவில்லை. சில நாள் அலமாரி மேலிருந்து பெட்டி விழுவது போலவே கனவு வந்தது. கனவில் யாரும் அடிக்கவில்லை. விழித்தால் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

கோர்ட்டில் கூண்டுக்குள் கணவன் மெலிந்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டையில் நின்றான். மேசையில் அடையாளச் சீட்டுக் கட்டிய பெட்டி. சாட்சி சொல்ல நின்ற அக்காவைக் கேள்வி கேட்டது அவனுடைய வக்கீல், சிரித்த முகக்காரர்.

"அலமாரி மேலேருந்து விழுந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இப்ப மாத்திச் சொல்றீங்க."

"இப்ப இன்னும் ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெட்டியைத் தட்டிக்காட்டினார். "இதோ பாருங்கய்யா, சாப்பாட்டு டப்பா அளவு. இத வச்சு ஒரு இளவட்டத்த அடிச்சுக் கொல்ல முடியுமா? விழுந்தாத்தான் உண்டு. இல்லன்னு சொன்னா, எப்படிப் பிடிச்சார்னு இந்தம்மாவே எடுத்துக் காட்டட்டும்."

எடுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கை போய்விட்டது. நாடாவுக்குள் விரல்கள் நுழைந்ததும், வலது தோள் கனத்தைத் தாங்கித் தானாக இறங்கியது. பெட்டிக்குள்ளே ஏதோ கழன்று உருண்டது. அவன் செய்தது போலவே பின்னால் கொண்டுபோய், ஒரு வட்டம் போட்டுத் தலைக்கு மேலே ஓங்கி நிறுத்தினாள்.

"இப்படி" என்றாள்.

கூண்டுக்குள் அவன் இரண்டு கைகளையும் தலைமேல் கவிழ்த்து, முழங்கைகளை முன்னால் நீட்டி, மோவாயை நெஞ்சில் புதைத்துக் குறுகியிருந்தான். அப்படிக் குறுகச் சொல்லி யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. அந்த நிலையை அவள் உள்ளிருந்து நன்றாக அறிவாள். வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"போதும்மா" என்றார் நீதிபதி. "கீழ வைங்க."

அவளுக்குக் கேட்டது. கை இறங்கவில்லை. கூண்டில், முழங்கைகளின் இடுக்கில், ஒற்றைக் கண் மட்டும் திறந்து, பெட்டி எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.