சத்தமில்லாத பிரசவம்

காலை ஏழு மணிக்கெல்லாம் பதினொன்றாம் நம்பர் தேயிலை மலையில் பெண்கள் ஆளுக்கொரு செடிவரிசையாக நிரை பிடித்துவிட்டார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கத்தரிகள் கொழுந்தை வெட்டும் சறக் சறக் சத்தம் மட்டும் சரிவெங்கும் கேட்டது. ஈரச்செடி இடுப்புவரை நனைத்துவிடும் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ரஞ்சனிக்குப் படங்கு எட்டவில்லை. ஒன்பது மாத வயிறு. செடி வயிற்றில் குத்தாமலிருக்க உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரி நடந்து நடந்து வெட்டினாள். தற்காலிகப் பதிவில் இருப்பவளுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

நான் பிலோமி. பந்தலூர்ப் பக்கத்து இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா. ஆஸ்பத்திரி என்று போர்டுதான் பெரிது. நாலு கட்டில், கம்பவுண்டர் கணேசன், நான். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார், மழை இல்லாவிட்டால். ஆம்புலன்ஸ் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. அதன் டிரைவரை ஆள்குறைப்பில் அனுப்பி ஒன்றரை வருஷமாகிறது.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சத்து மாத்திரை கொடுக்க அன்றைக்கு மலைக்குப் போயிருந்தேன். ரஞ்சனி கத்தரியை மடக்கிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அக்கா, பிரசவத்துக்கு முதுகுல ஒரு ஊசி போடுறாங்களாமே? வலியே தெரியாதாமே? மேனேஜர் பங்களா அம்மாவுக்குக் கோயம்புத்தூர்ல போட்டாங்கன்னு அங்க சமைக்கிற எல்சா சொன்னா. நமக்கும் கெடைக்குமா?”

“ஏன்டி, வலிக்குப் பயமா?”

“மொதப் புள்ளைக்கு ஒன்றரை நாள் வலியில கெடந்துதானே கடைசியில வயித்த அறுத்தாங்க. இன்னொரு தரம் அப்படிக் கெடக்க முடியாதுக்கா.”

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நிரையில் நின்ற சுமலதாவிடம், “கேட்டியா, தொரைசானிக்குப் போட்ட ஊசி ரஞ்சனிக்கும் வேணுமாம்” என்றேன். மலையே சிரித்தது. சாயங்காலத்துக்குள் அவளுக்கு ‘ஊசிக்காரி’ என்று பேர் விழுந்துவிட்டது.

நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது கேள்வி, “சத்தம் போட்டாளா?” அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். “வாயே தொறக்கல” என்று நான் சொல்லிவிட்டால் அந்தப் பெண் ஆறு மாதத்துக்குத் தண்ணீர்க் குழாயடியில் தலை நிமிர்ந்து நிற்கலாம். ரஞ்சனியின் மாமியார் தெய்வம்மா ஐந்து பெற்றும் ஒரு முனகல் இல்லை என்று இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களெல்லாம் சொல்லும். வேறு எதில் பெருமைப்பட எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள்? வலியை விழுங்குவதில்தான் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அடுத்த வியாழக்கிழமை, கொட்டுகிற மழை. பத்து மணிக்கு ரஞ்சனி நிரையிலேயே வலி கண்டு, தெய்வம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். முதல் பிள்ளை அறுவையில் பிறந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கணேசனும் கேட்டான்.

“வெளி வண்டி வர்றதுக்கு இந்த மழையில ஒன்றரை மணி நேரமாகும். இப்பவே சொல்லிரட்டுமாக்கா?”

நான் ரஞ்சனியைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு சத்தமில்லை.

“இன்னும் வலி முத்தல கணேசா. கொஞ்சம் பொறு” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இப்போதும் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக யாரையும் கத்தவிடாமல் அடக்கியவள், சத்தத்தை வைத்து வலியை அளந்தேன். என் புத்தியைச் செருப்பாலடிக்க வேண்டும்.

மதியம் கட்டில் கம்பியை அவள் பிடித்த பிடியில் கட்டிலே இழுபட்டு நகர்ந்தது. வாயில் துண்டைத் திணித்திருந்தாள். கண் மேலே செருகிப் போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, “வலி நின்னுருச்சுக்கா” என்றாள். அப்பாடா என்று நான் நெற்றியைத் துடைத்தேன். அப்புறம்தான் அவள் முகம் வெளுத்திருப்பதும், விரிப்பு சிவந்திருப்பதும் தெரிந்தது. வயிற்றில் காதை வைத்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

கொழுந்து லாரியில், சாக்குகளின் மேல் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தெய்வம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் ரஞ்சனி ஒன்றுதான் கேட்டாள், “நான் சத்தம் போடலைல்லக்கா?”

பெண் குழந்தை. நல்ல எடை, தலை நிறைய முடி. உயிர் மட்டும் இல்லை. ரஞ்சனி பிழைத்தாள். கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார், “பழைய தையல் உள்ள பிரிஞ்சிருக்கு. உயிர் போற வலி இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லலையா இவங்க?”

நான் ஊசிக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அந்த ஊசி எல்லாருக்கும் வேணும்னு இல்ல. ஊசி இல்லாம பெத்துக்கிறேன்னு ஆசைப்படுறவங்களும் இருக்காங்க, அதுவும் சரிதான். ஆனா அதப் போடணும்னா மயக்க டாக்டர் இருக்கணும், ஆபரேஷன் தியேட்டர் இருக்கணும், பிள்ளையோட இதயத்துடிப்பப் பார்த்துக்கிட்டே ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். அவங்க கேட்டது ஊசி மட்டும் இல்லம்மா. அப்படி ஒரு இடத்துல இருந்திருந்தா ஊசி போடாமலேகூடப் பிள்ளையக் காப்பாத்தியிருக்கலாம்.”

ஒன்பது நாள் கழித்து மேனேஜர் விஜயபாஸ்கர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் டைப் அடித்த தாள் இருந்தது. ‘வலி இல்லை என்று கூறி, பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நோயாளி மறுத்துவிட்டார்.’ கீழே என் பேர், கையெழுத்துக்கு இடம்.

“மேல இருந்து வெசாரணைக்கு வர்றாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க பிலோமி.”

“அவ மறுக்கல சார். கூப்பிட்டாத்தானே மறுக்க?”

“ஏனுங்க, பிரசவம்னா வலி இருக்கத்தான் செய்யும். அது இயற்கை. நம்ம லேபர் பொம்பளைங்களுக்கு அதெல்லாம் பழக்கம். டவுன்ல இப்பக் காசு கொடுத்து மருந்தில்லாத பிரசவத்துக்குப் போறாங்க, தெரியுமில்ல?”

“உங்க ஊட்டு அம்மாவுக்கு மட்டும் இயற்கை ஒத்துக்கலீங்களா சார்?”

அவர் முகம் கறுத்தது. “அது அவங்க விருப்பம்.”

“ரஞ்சனியும் விருப்பத்தத்தான் சொன்னா. சிரிச்சவ நான். வண்டி ஓட்ட ஆள் இல்லாமப் பண்ணது நீங்க. ரெண்டையும் எழுதுங்க, போடுறேன்.”

“வயசான காலத்துல வேலைய விட்டுட்டு எங்க போவீங்க? நாளைக்குக் காலையில சொல்லுங்க.”

இரவு தூக்கம் வரவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஆனால் கையெழுத்துப் போட்டால், பெற்ற பிள்ளையைத் தானே கொன்றவள் என்று அந்தப் பெண் மேல் காலத்துக்கும் எழுத்தில் நிற்கும். விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் போகும் முன் எல்லோரும் பேர் கொடுக்கும் இடம் அது. அறுபது எழுபது பெண்கள் நின்றார்கள். தாளில் என்ன இருந்தது என்று சொன்னேன். வண்டியைத் தள்ளிப்போட்டது நான்தான் என்றும், அவளைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான் என்றும் சொன்னேன். யாராவது என்னை அடித்தால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

சுமலதாதான் முதலில் பேசினாள். “நாங்களுந்தானே சிரிச்சோம்.”

“ஊசி கீசியெல்லாம் நமக்கெதுக்கு? நம்ம ஒடம்பு தாங்கும்” என்றாள் ஈவ்லின்.

“தாங்குறவ தாங்கட்டும். கேக்குறவளுக்கு இல்லைன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு? தாங்குவோம்னு சொல்லிச் சொல்லித்தானே கம்பெனிக்காரன் டிரைவரையும் எடுத்துட்டான்?” என்றாள் சுமலதா.

பின்னாலிருந்து தெய்வம்மா வந்தாள். எதையோ துப்பப்போவது போல நின்றாள்.

“எனக்கு வலிச்சுச்சு” என்றாள். “அஞ்சுக்கும் வலிச்சுச்சு. மூணாவதுக்கு நாக்கக் கடிச்சு ரத்தம் வந்துச்சு. செத்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

பிறகு ஈவ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “எனக்கும் அப்படித்தான்” என்றாள். பிறகு சுமலதா. பிறகு பேரே சரியாகத் தெரியாத ஒரு புதுப்பெண். ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இங்கே நடந்த பிரசவங்களுக்கெல்லாம் நான் பக்கத்தில் இருந்தவள். ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கினார். “என்ன கூட்டம்? பேர் கொடுத்துட்டு மலைக்குப் போங்க.”

“டிரைவர் வரணும் சார்” என்றாள் சுமலதா. “பிரசவம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும். அங்க ஊசி கேக்குறவளுக்குக் கேட்டு வாங்கித் தரணும். பிலோமியக்காவ வேலைய விட்டுத் தூக்கக் கூடாது. அந்தத் தாள எங்க முன்னால கிழிங்க. அதுவரைக்கும் கத்தரி எடுக்க மாட்டோம்.”

“இதெல்லாம் கம்பெனி முடிவு பண்ண வேண்டியது.”

“அப்பக் கம்பெனிக்குப் போன் போடுங்க. நாங்க இங்கயே இருக்கோம்.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். அவர் நகர்ந்த பிறகுதான் மேட்டு லயத்துப் படியில் ரஞ்சனி நிற்பதைப் பார்த்தோம். குடிக்கப் பிள்ளையில்லாத பால் கட்டிக்கொண்டு, மார்பைத் துணியால் இறுக்கியிருந்தாள். அத்தனையும் கேட்டிருக்கிறாள். மெதுவாக இறங்கி வந்து மாமியார் எதிரில் நின்றாள். கோபமில்லை, குழந்தை கேட்பது போலத்தான் கேட்டாள்.

“உங்களுக்கும் வலிச்சுச்சா? முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?”

தெய்வம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்கள் படங்கை அவிழ்த்து ஈரத்தரையில் விரித்தார்கள். ரஞ்சனியை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கு மலை காலியாகத்தான் கிடந்தது.