மூன்றாவது கோப்பையில் புகையிலை வாசம்

இருபத்தொரு நாளாக ஆர்லிஸ் ஹேகனின் வாய் சும்மா இருந்தது. வாய்தான் சும்மா இருந்தது, மற்றதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். படுத்தால் தாடை தானாக அசைபோடும். மாட்டுக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மனைவி நடீன் தலையணையை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டாள்.

முப்பது வருஷமாக இடது கன்னத்தில் அதக்கிய புகையிலை. அதை ஒரே நாளில் விட்டவன் தீக்குச்சியைக் கடித்தான், பட்டை மிட்டாயைச் சப்பினான், சூரியகாந்தி விதையைப் பை பையாகத் தின்று தீர்த்தான். ஒன்றும் அந்த இடத்தை நிரப்பவில்லை. போதாததற்கு அது அக்டோபர் மாதம். வேலைக்குப் போகிற வழி நெடுகப் பண்ணைக் கொட்டகைகளில் புகையிலையைக் கட்டிக் காயத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான்.

இத்தனையும் ஒரு நாற்காலிக்காக.

பர்பன் விஸ்கி கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் பீப்பாய் உருட்டுகிறவன் அவன். நிறைந்த பீப்பாய் ஒன்று இருநூற்று முப்பது கிலோ இருக்கும். அதைத் தள்ளித் தள்ளி இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, சுவை பார்க்கிற அறையில் ஒரு நாற்காலி காலியானது. அந்த அறையின் தலைவி லியோட்டா வாத்தன், அறுபதைத் தாண்டியவள். கிடங்கில் ஆர்லிஸ் இரண்டு சொட்டு சரக்கை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, இது எந்த மாடிப் பீப்பாய் என்று சொல்வதை அவள் பார்த்திருக்கிறாள். அவனைக் கூப்பிட்டு, மூன்று வாரம் புகையிலை தொடாமல் இரு, அதற்கப்புறம் ஒரு நாள் எங்களோடு உட்கார், பார்க்கலாம் என்றாள். புகையிலை போடுகிறவனுக்கு அந்த மேஜையில் இடம் இல்லை. அது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

இருபத்திரண்டாம் நாள் காலை நடீன் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கிடங்கு வாசலில் அவனோடு பீப்பாய் உருட்டுகிற டூலி வழிமறித்தான்.

"என்னடா, வெள்ளச் சட்ட? கல்யாணமா, சாவா?"

"ரெண்டும் இல்ல. இனிமே உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு வேண்டுதல்."

டூலி சிரித்துக்கொண்டே தன் கன்னத்தில் இருந்ததை ஒதுக்கி, வேண்டுமென்றே நிதானமாகத் துப்பினான். ஆர்லிஸ் அது விழுந்த இடத்தைக்கூடப் பார்த்தான்.

அறையில் அவனோடு சேர்த்து நாலு பேர். லியோட்டா, விற்பனைப் பிரிவு கார்னெட் ரிக்ஸ், ஓவன்ஸ்பரோ ஊரில் மதுக்கடை வைத்திருக்கும் லைல் ஸ்டாம்பர். ஸ்டாம்பர் ஒரே ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, வேறெதோடும் கலக்காமல், தண்ணீரும் ஊற்றாமல், தன் கடைப் பெயர் போட்டுப் புட்டியில் அடைத்து வாங்கிப் போக வந்திருந்தார். முந்தின நாளே பொறுக்கி வைத்த மூன்று பீப்பாய்களிலிருந்து அன்று காலை எடுத்த சரக்கு ஆளுக்கு மூன்று கோப்பைகளில் இருந்தது. வடிகட்டாதது. கருக்கிய பீப்பாயின் கரித்தூள் அடியில் கிடந்தது. ஒவ்வொரு கோப்பைக்கும் கீழே, பீப்பாய் இருக்கும் இடத்தை எழுதிய துண்டுச் சீட்டு.

எல்லோரும் பென்சிலைக் கீழே வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. புதிதாக வந்தவன் கடைசியில் பேச வேண்டும். லியோட்டா இவ்வளவுதான் சொன்னாள். மேஜைக்கடியில் ஆர்லிஸின் கால் தையல் மெஷின் போல அடித்துக்கொண்டிருந்தது.

முதல் கோப்பையை வாயை லேசாகத் திறந்து வைத்தபடி முகர்ந்தான். அறுபத்து மூன்று சதவீதம் சாராயம் உள்ள சரக்கை வாயை மூடிக்கொண்டு இழுத்தால் மூக்கு எரிந்துவிடும். சோள இனிப்பு, பச்சை மரம். வாயில் விட்டால் சுர்ரென்று ஏறி அப்படியே அணைந்துபோனது. பக்கத்துக் குவளையில் துப்பினான். துப்புவதில் மட்டும் அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது நல்ல பீப்பாய். கருக்கிய சர்க்கரை, செர்ரிப் பழம், மிளகு. துப்பிய பிறகும் நெஞ்சில் சூடு நின்றது. இதைவிட நல்லது வராது என்று எழுதினான். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவதை வாயில் விட்டான். கால் நின்றுவிட்டது.

தாடை நின்றது. காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின. இருபத்தொரு நாளில் முதல் தடவையாக உடம்புக்குள் யாரோ விளக்கைத் தணித்த மாதிரி இருந்தது. ஆகா என்று நினைத்தான். உடனே கோப்பையை உற்றுப் பார்த்தான்.

இன்னொரு வாய் எடுத்தான். நாக்கு அதைத் தானாக இடது கன்னத்துக்குத் தள்ளியது. இனிப்புக்கும் மரத்துக்கும் பின்னால், முட்டிவலித் தைலத்தில் வருமே, அந்த வாசனை. சந்தேகமே இல்லை. அவன் முப்பது வருஷம் வாங்கிய அதே புகையிலை டப்பா.

சீட்டைப் பார்த்தான். சி கிடங்கு, நான்காம் மாடி, பதினேழாம் வரிசை, அடித்தட்டு.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை வெள்ளிக்கிழமை. மேல்மாடி அடுப்பாகக் கொதித்தது. அந்தப் பீப்பாயின் முகப்புப் பலகைகள் சேரும் இடத்தில் சரக்கு நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆப்பும் மரச்சுத்தியும் இருந்த பை நாலு மாடிக்குக் கீழே. முழங்காலுக்கு அப்போதே வலி. கன்னத்தில் இருந்ததை எடுத்து விரிசலில் கட்டைவிரலால் அழுத்தி அடைத்து, மேலே சட்டைப் பையில் கிடந்த தேன்மெழுகைத் தேய்த்தான். ஒழுகல் நின்றது. திங்கட்கிழமை வந்து முறையாக ஆப்பு அடிக்கலாம் என்று போனவன் போனவன்தான். கோடையில் மரம் சரக்கை வெளியே தள்ளும், குளிரில் உள்ளே இழுக்கும். ஐந்து குளிர்காலம் அது எதை இழுத்துக்கொண்டதோ, அதுதான் இப்போது கோப்பையில் இருந்தது.

பென்சில்கள் கீழே வந்தன. ரிக்ஸ் முந்திக்கொண்டார். மூன்றாவதுதான் பீப்பாய், இப்படி ஒன்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும் என்றார். அது அவர் எல்லாப் பீப்பாய்க்கும் சொல்வதுதான். ஸ்டாம்பர் கோப்பையை இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"என் தாத்தாவோட கொட்டகை இது. காயப் போட்ட புகையிலை, ஓரத்துல புதினா. அந்த ஆளு செத்து நாப்பது வருஷமாச்சு. இப்ப என் பக்கத்துல நிக்கிறாரு."

லியோட்டாவும் எழுதியதை வாசித்தாள். புகையிலை இலை, ஏதோ ஒரு பச்சிலை, நீளமான முடிவு. எங்கிருந்து வந்தது என்று பிடிபடாத ஒன்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அப்புறம் ஆர்லிஸ் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு."

அவன் எழுந்து நின்றான். ஒரு அஞ்சு நிமிஷம் வேண்டும் என்றான். ரிக்ஸ் சிரித்தார். இவனுக்கு ஏறிடுச்சு போல என்றார். ஆர்லிஸ் கதவைத் தாண்டியிருந்தான்.

நாலு மாடி. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு சத்தம் போட்டது. வழியிலேயே மனம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அந்த உருண்டையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கீழே போய் புகையிலை இலை, புதினா என்று மற்றவர்கள் சொன்னதையே சொல்ல வேண்டும். ஸ்டாம்பருக்குத் தாத்தா கிடைப்பார், ரிக்ஸுக்கு வியாபாரம் கிடைக்கும், தனக்கு நாற்காலி கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஸ்டாம்பர் தன் ஊரில் போய் ஒவ்வொரு கோப்பையாக ஊற்றி, இது என் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஊற்றுவது ஆர்லிஸின் எச்சில். அந்த நினைப்பை அடுத்த படியில் விட்டுவிட்டு ஏறினான்.

பதினேழாம் வரிசை. மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தான். பீப்பாய் முகப்பின் அடி ஓரத்தில், தூசிக்கும் மெழுகுக்கும் அடியில், விரல்நுனி அளவு கறுப்பாக இறுகிக் கிடந்தது. தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். பேனாக்கத்தியை விட்டு நெம்பினான். முழுசாகக் கையோடு வந்தது.

கூடவே சரக்கும் வந்தது. ஐந்து வருஷம் அடைபட்டது நூலாக இல்லை, பென்சில் கனத்துக்குப் பீறிட்டது. சட்டைக் கை முழங்கைவரை நனைந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினான். நின்றது. விரலை எடுத்தான், பீறிட்டது. மறுபடி வைத்தான்.

ஆப்புப் பை இன்றைக்கும் கீழேதான் இருந்தது.

ஒரு கையில் விரிசல், மறுகையில் உருண்டை. அது பர்பனில் ஊறி மினுமினுத்தது. வாயில் எச்சில் சுரந்தது. ஐந்து வருஷத்துப் பழசு, ஆனாலும் சுரந்தது. தன்மீதே அருவருப்பாக வர, அதைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு டூலியைக் கூப்பிட்டான். சத்தம் பீப்பாய்களுக்குள் போய்த் தொலைந்தது. முழங்கால்கள் எரிந்தன. எழுந்திருக்கவும் முடியாது.

படியில் காலடி கேட்டது. டூலி நடை இல்லை. மூன்றாவது கோப்பையின் சீட்டோடு லியோட்டா வந்து நின்று, மூச்சு வாங்கியபடி, அவன் விரலையும் சட்டையையும் பார்த்தாள். அவனே சொன்னான். ஜூலையிலிருந்து இன்றைய கத்தி வரைக்கும் எல்லாம் சொன்னான்.

"உன்னுதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கால் ஆட்டம் நின்னுடுச்சு, மிஸ் லியோட்டா."

அவள் குனிந்து பீப்பாயை முகர்ந்தாள். முப்பத்தொரு வருஷமாக மூக்கை வைத்துப் பிழைக்கிறேன், பச்சிலை என்று எழுதி வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் மண்டிபோட்டாள்.

"விரல எடு."

"எதுக்கும்மா?"

"நான் வெச்சுக்கறேன். நீ கீழ போயி அந்த மனுசன்கிட்ட உன் வாயாலயே சொல்லு."

அவள் விரல் வந்து அவன் விரலைத் தள்ளியது. ஒரு சொட்டுத்தான் சிந்தியது.

கீழே ரிக்ஸ் காகிதங்களைக்கூடத் தயார் செய்துவிட்டிருந்தார். ஆர்லிஸ் உட்காராமல் சொன்னான். நடுவில் ரிக்ஸ் இரண்டு தடவை, இவன் என்ன உளறுகிறான் என்று குறுக்கே விழுந்தார். மூன்றாம் தடவை ஸ்டாம்பர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கழுத்து சிவந்திருந்தது.

"மென்னுட்டா வெச்ச?"

"கொஞ்சம் மென்னாத்தாங்க ஒட்டும்."

ஸ்டாம்பர் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. கொட்டிவிடுவார் என்று ஆர்லிஸ் நினைத்தான். அவர் அதை முகர்ந்தார், ரொம்ப நேரம். பிறகு மடக்கென்று குடித்தார், துப்பவில்லை.

"ரெண்டாவது பீப்பாய எனக்குப் போடுங்க," என்றார் ரிக்ஸிடம். "நான் தாத்தா கதை சொன்னத வெளிய சொல்லாதீங்க."

ஆர்லிஸ் ஆப்புப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி நாலு மாடி ஏறினான். லியோட்டா அதே இடத்தில், பீப்பாயில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சொன்னாயா என்றாள். சொன்னேன் என்றான். அவள் விரலை எடுத்ததும் ஆப்பின் முனையை விரிசலில் வைத்துச் சுத்தியால் தட்டினான். நாலு தட்டில் நின்றது. ஐந்தாவது தட்டு மனத்திருப்திக்கு. இந்தச் சரக்கு இனி யாருக்கும் போகாது, கீழே இறக்கிக் கொட்டச் சொல்லப் போகிறேன் என்றாள். அவன் தலையாட்டினான். வலது கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

"அந்த நாற்காலி?" என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புகையில தொட்டு மூணு வாரம் ஆகியிருக்கணும். உனக்கு இன்னிக்குத்தான் மொத நாளு."

"நான் மெல்லலையே, மிஸ் லியோட்டா. வாயில ஊத்தினேன், துப்பிட்டேன்."

"புகையிலையும் அப்படித்தான போடுவே?"

மூன்று வாரம் ஆகும்வரை நீ பீப்பாய் உருட்டித்தான் ஆக வேண்டும், முழங்காலை எப்படியாவது காப்பாற்றிக்கொள், நாற்காலியை மூன்று வாரம் காலியாகப் போட்டு வைக்க என்னால் முடியும், நாலாவது வாரம் முடியாது என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"குடு."

எதை என்று அவன் கேட்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டான். கை வெளியே வர நேரம் ஆயிற்று. அதுவரை அவள் நீட்டியபடியே நின்றாள்.